நோவா, வேதனையா? எங்கள் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் சேவை பற்றி

எங்கள் அம்மாவைப் பதினோரு மாதம் நோயோடு வீட்டில் வைத்துப் பார்த்தோம். அதில் கடைசி ஏழு மாதம் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் குழு, அதாவது தீராத நோய்க்காரர்களின் வலியையும் துன்பத்தையும் தணித்துப் பார்த்துக்கொள்கிற குழு, வீட்டுக்கு வந்துபோனது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகும் பக்கம் எங்கள் வீடு. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்கள், அப்படியே குரலைத் தாழ்த்தி, "அந்த ஜீப் உங்கள் வீட்டுக்கு வந்ததே, அது எப்படி?" என்றும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் முதல்முறை வந்தபோது நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். எங்கள் தெருவில் பாலியேட்டிவ் ஜீப் நின்றால் அந்த வீட்டில் நாள் குறித்தாகிவிட்டது என்று பேச்சு. ஊரில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா பணியாளர் எங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "என் அம்மா இன்னும் சாகவில்லை" என்று சொன்னேன். சிஸ்டர் பதில் பேசவில்லை. திண்ணையில் ஒரு சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதி, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து நானே அந்த எண்ணுக்குப் பேசினேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று. தாமதமாகத்தான் எங்களிடம் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆன வைத்தியமெல்லாம் பார்த்தோம். கடைசியாகப் போனபோது நடைபாதையில் நிற்கவைத்து, "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். கையில் வலி மாத்திரை ஒரு அட்டை. புண் திறந்துகொண்டால் என்ன செய்வது, இரவில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது, ஒரு வார்த்தை கிடையாது. செய்வதற்கு எவ்வளவு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா பொறுமைசாலி. ஊரே அப்படித்தான் சொல்லும். அப்பா போன பிறகு மூன்று பிள்ளைகளைக் கடலைக்காட்டு வேலையிலும் இரண்டு மாட்டிலும் வளர்த்தவர். தண்ணீர் ஏறாத வருடங்களில் ஒரு சொல் கலங்கவில்லை என்பார்கள். நோய் வந்த பிறகும் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு அதையேதான் சொன்னார்கள்: "முகத்தில் ஒரு சுணக்கம் இருக்கிறதா பாருங்கள். இந்த மாதிரி தாங்க யாரால் முடியும்?" அம்மா சிரிப்பார். அவர்கள் படி இறங்கியதும் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். அந்த முந்தானை ஓரங்களில் பல் தடம் இருந்ததைத் துவைக்கும்போதுதான் பார்த்தேன். ஒரு சேலையில் அல்ல, நான்கில்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாங்குகிறவரைப் புகழ்வது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அது பார்க்கிறவருக்கு வசதி. தாங்குகிறார் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நாம் கேட்க வேண்டியதில்லை, உட்கார வேண்டியதில்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போகலாம். புகழப்பட்டவருக்கு அப்புறம் வாய் திறக்க வழியில்லை. அழுதால் பெயர் போய்விடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். தனக்கு வரும்வரை கேட்காமல் இருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லையே. நானும் கேட்கவில்லை. "வலிக்கிறதா அம்மா?" என்பேன், "இல்லை கண்ணு" என்பார், நான் நம்பிவிடுவேன். நம்பியது எனக்கு வேலையைக் குறைத்தது.

சிஸ்டர் உள்ளே வந்து செய்த முதல் காரியம் கேட்டதுதான். அவர் ஆலத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதன உண்டோ அம்மே?" என்றார். மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. எங்கள் காதில் வேதனை என்றால் மனசு. எல்லைப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம், கடையில் பேசும் மலையாளம் தெரியும், ஆனாலும் அந்த நிமிடத்தில் அம்மாவுக்குத் தமிழ்ச் சொல்தான் விழுந்தது.

"வேதனை இல்லாமலா? ஆறு வருடமாக இருக்கிறது" என்றார் அம்மா. என் இரண்டாவது தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நிலம் விற்ற பணத்தில் வந்த மனத்தாங்கலில் திருப்பூர் போனவன், பொங்கலுக்குக்கூட வருவதில்லை. அந்த நாள் காலையில் அவன் சாப்பிடாமல் போனதைச் சொன்னார், தட்டில் இருந்தது என்ன என்பதைக்கூடச் சொன்னார். கம்பஞ்சோறு. நான் குறுக்கே புகுந்து, "சிஸ்டர் கேட்டது அதில்லை அம்மா" என்று திருத்தப் பார்த்தேன். சிஸ்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பாதிதான் புரிந்திருக்கும் அவருக்கு. இருபது நிமிடம் அசையாமல் கேட்டார். அதன் பிறகு, இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லைத் தேடிப் பிடித்து, "நோவு? எங்கே நோவு?" என்றார். அம்மா முந்தானையை விலக்கிப் புண்ணைக் காட்டினார். எனக்குக்கூட முழுதாகக் காட்டாத புண்.

குழுவோடு வருகிற தொண்டர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பிறகு திண்ணையில் இதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்: இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்தவர், 1967-இல் லண்டனில் ஒரு பராமரிப்பு இல்லம் தொடங்கினார். உடம்பு, மனசு, உறவு, நம்பிக்கை நான்கிலும் சேர்ந்து வருவதுதான் வலி, ஒன்றை விட்டு ஒன்றைத் தணிக்க முடியாது என்பது அவர் கண்டது. எங்கள் வீட்டில் அது ஒரு சொல் தடுமாறியதில் வெளியே வந்தது.

அடுத்தது அளவு. பத்துக்கு எத்தனை என்று சிஸ்டர் கேட்டார். அம்மாவுக்குப் பத்துக்கு எத்தனை என்ற கணக்கு பிடிபடவில்லை. நான் பாலுக்குக் கொழுப்பு அளப்பவள். எத்தனை புள்ளி என்று கருவி சொல்லிவிடும், ஊற்றியவர் என்ன சொன்னாலும் அந்த எண்தான் நிற்கும். வலிக்கு அப்படி ஒரு கருவி இல்லை. படுத்திருப்பவர் வாயால் சொல்வதுதான் அளவு, அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்றார் சிஸ்டர். "ஒரு ரூபாய் முழு நோவு என்றால் இப்போது எவ்வளவு?" என்று மாற்றிக் கேட்டதும் அம்மா யோசிக்காமல் சொன்னார்: "பன்னிரண்டு அணா." சிஸ்டருக்கு அணா தெரியாது. நான் எழுபத்தைந்து பைசா என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நோட்டில் அணாக்கணக்குதான். பால் கணக்குக்கு வாங்கிய நோட்டில் கடைசிப் பக்கங்களைப் பிரித்து, தேதி, நேரம், அணா என்று மூன்று கோடு போட்டேன்.

பன்னிரண்டு அணா என்று எழுதியபோது என் கை நடுங்கியது. முந்தின நாள்தான் "இல்லை கண்ணு" என்று சொல்லியிருந்தார்.

மருத்துவர் வந்து பார்த்து மார்ஃபின் மாத்திரை எழுதினார். அதில் எங்கள் வீட்டில் இரண்டு தடை வந்தது. ஒன்று என்னுடையது. மார்ஃபின் என்றால் போதை, பழகிவிடும், அதைக் கொடுத்தால் கடைசி என்று பயம். வலிக்கு, மருத்துவர் சொன்ன அளவில், பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். இரண்டாவது தடை அம்மாவுடையது, அதை நான் எதிர்பார்க்கவேயில்லை. "என் பங்கு நோவை நானே பட்டுத் தீர்த்துவிடுகிறேன். மாத்திரை போட்டு மிச்சம் வைத்தால் அது பேத்தி தலையில் போய் விழும்" என்றார். அதாவது இவ்வளவு நாள் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். பார்க்க வந்தவர்கள், "யாருக்கும் கெடுதல் நினைக்காத உனக்கு என்ன பாவம் செய்து இது வந்தது?" என்று கேட்டுக் கேட்டு, அம்மா தனக்குள் ஒரு கணக்கு முடித்து வைத்திருந்தார். துன்பத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று மனிதர்களுக்கு இருக்கிற தவிப்பு எனக்குப் புரிகிறது. காரணம் கிடைத்துவிட்டால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்தக் காரணத்தை நோயாளியின் கட்டிலருகில் உட்கார்ந்து தேடக் கூடாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

சிஸ்டர் பாவம் புண்ணியத்தை மறுத்துப் பேசவில்லை. "உங்கள் மகள் ராத்திரி தூங்குவதில்லை அம்மே. விடியுமுன் சொசைட்டிக்குப் போக வேண்டும். இவள் தூங்குவதற்காக ராத்திரி மட்டும் ஒரு மாத்திரை போடலாமா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். தனக்காக வாங்காததை எனக்காக வாங்கிக்கொண்டார். முதல் இரவு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினார். நான் தூங்கவில்லை, மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. நான்காவது நாள் அம்மாவே, "பகலுக்கும் கொடு" என்றார்.

கொடுப்பதிலும் நான் தவறு செய்தேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன். வலித்தால் மட்டும் கொடுத்து மிச்சப்படுத்தினேன். அந்த மாத்திரை வேலை செய்வது ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக 10 மணிக்கு இரட்டிப்பு. எங்களுக்கு எழுதிக் கொடுத்தது இப்படி. பாலைக் குளிரூட்டுவது போலத்தான் இது. கெடுமுன் குளிரூட்ட வேண்டும், திரிந்த பிறகு எந்த இயந்திரத்தில் வைத்து என்ன பயன்? காலை 6 மணிக்கு நான் சொசைட்டியில் இருப்பேன். என் மகன், கல்லூரிப் பையன், ஒரு நாள் தவறாமல் எழுந்து கொடுத்தான். கூடவே மலம் இளக்கும் மாத்திரையும் தந்திருந்தார்கள். அது சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டேன். நான்கு நாள் அம்மா பட்ட பாடு, புற்றின் வலியைவிடப் பெரிது. மார்ஃபின் குடலைக் கட்டிவிடும். இரண்டும் ஜோடி, ஒன்றை விட்டு ஒன்று கூடாது.

இந்த மாத்திரை நம் கைக்கு வந்த கதையையும் அந்த ஆசிரியர்தான் சொன்னார். மார்ஃபின் அபினியிலிருந்து எடுப்பது; மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினிச் செடி பயிராகிறது, அங்கிருந்து வெளிநாடுகளுக்கு மருந்துக்காக அபினி போயிருக்கிறது. அதே நாட்டில் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைப்பதற்குள் உரிமம் மேல் உரிமம் வேண்டியிருந்தது. மருத்துவர்களே பயந்து கைவிட்டார்கள். 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இடையில் எத்தனை வீடுகளில் எத்தனை முந்தானைகள் கடிபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய வேலை ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கை அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்தது. பஞ்சாயத்து நிதியில் ஒரு சிஸ்டர் எங்கள் திண்ணைக்கு வந்தது அதனால்தான்.

புண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதிதான். நாற்றம். அதுதான் அம்மாவை மனிதர்களிடமிருந்து பிரித்தது. பேத்தி அறைக்குள் வந்தால், "போய்ப் படி போ" என்று விரட்டுவார். குழந்தைக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். ஊதுபத்தி கொளுத்தினோம், இரண்டும் கலந்து இன்னும் மோசமானது. சிஸ்டர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வெள்ளைக் காகிதத்தில் வைத்து மடித்து, டம்ளரின் அடியால் தேய்த்து மாவாக்கினார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவினார், ஒட்டியிருந்த பழைய துணியை இழுக்காமல், நனைத்து நனைத்து, தானாக விடும்வரை காத்திருந்தார். பிறகு கோலப்பொடி தூவுவது போல அந்த மாவை இரண்டு விரலால் மெல்லத் தூவினார். மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அம்மா புண்ணைப் பார்க்கவே இல்லை, முழு நேரமும் சிஸ்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு நாளில் நாற்றம் அடங்கியது. ஒரு சாயங்காலம் நான் சொசைட்டியிலிருந்து வந்தபோது பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கட்டுத் துணி கடையில் வாங்க வேண்டாம் என்றார்கள். அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் அடுக்கி, பிரஷர் குக்கரில் வைத்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா போய் முப்பது வருடம். அவருடைய வேட்டி அம்மாவின் மார்பில் கட்டாக இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இது நம் கல்யாணத்துக்கு எடுத்த ஜோடியில் ஒன்று" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், சொன்னால்தான் சரியாகும். இரவில் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. அம்மாவுக்கு மூச்சுத் திணறியது ஒரு சனிக்கிழமை இரவில். திங்கள்வரை நாங்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தோம். வண்டி பழுது என்று இரண்டு முறை வருகை தள்ளிப்போனது. மருந்து அட்டையும் வீட்டில் வைக்கும் பதிவேடும் முழுக்க மலையாளத்தில். சித்தூர் வட்டத்தில் தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம், தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஒரு அட்டையைத் தமிழில் அச்சடிக்க முடியாதா? மருந்து வேளையைத் தப்பாகப் படித்தால் படுகிறவர் நோயாளி. என் மகன் வீட்டுக்காக ஒரு தமிழ் அட்டை எழுதினான், சிஸ்டர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் வேறு இரண்டு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார். நல்லதுதான், ஆனால் அது அவருடைய நல்ல மனசு. அமைப்பாக நடக்க வேண்டியது. சேவைக்கு ஒரு பைசா வாங்கவில்லை என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

கோபாலபுரம் எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினர்கள் இது கேரளத்தில்தானே என்று பெருமூச்சு விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து ஆதரவுச் சிகிச்சை தருவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்காமல் இருக்காதீர்கள்.

தம்பி வந்தான். ஆசிரியர் என் அனுமதி கேட்டுவிட்டு அவனுடன் பேசியிருக்கிறார், என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மார்கழியில் கிழக்குக் காற்று வீசி வாசல் கதவு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வந்து நின்றான். வெகுநேரம் வெளியிலேயே நின்றான். அம்மாவிடம் என்ன பேசினான் என்பதும் எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னோடு இன்னும் பேசுவதில்லை. அன்று மாலை நோட்டில் "நாலணா" என்று எழுதியிருக்கிறேன். மாத்திரையின் அளவு மாறவில்லை, முந்தின நாள் ஆறு அணா.

தை மாதம் அம்மா போனார். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை, ஆனால் நெற்றி சுருங்கவில்லை. முந்தானையை நான் பார்த்தேன். ஓரம் உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது.

பதினாறாம் நாள் கழித்து சிஸ்டர் வந்தார். மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எண்ணினோம், இருபத்து மூன்று. அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்காக அவர்கள் தந்திருந்த காற்றுப் படுக்கையையும் அதன் மோட்டாரையும் துடைத்து வைத்திருந்தேன். அவற்றை எடுத்து ஜீப்பில் ஏற்றிய பிறகும் அவர் போகவில்லை. உள்ளே வந்து காலியான கட்டிலில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் இருந்தார்.

அந்தப் படுக்கை இப்போது எங்கள் வீட்டிலிருந்து நான்காவது தெருவில் ஒரு பெரியவருக்கு விரித்திருக்கிறது. போன வாரம் பார்க்கப் போனேன். மோட்டாரின் சத்தம் தெருவிலேயே கேட்டது, அதே சத்தம். அவருடைய மருமகள் கட்டுத் துணி போதவில்லை என்றார். இரண்டு வேட்டிகளை வெட்டி, குக்கரில் வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அலமாரியில் இன்னும் நான்கு வேட்டிகள் இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் காலை எட்டு மணிக்குமேல் சொசைட்டிக்கு வந்து என்னிடம் கேளுங்கள்.